நான்கு ஹைட்ரஜனும் ஒரு குப்பைப் பையும்

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பர்லிங்கேம் என்று ஓர் ஊர். 2002-ன் பிற்பகுதியில் தொடங்கி, அந்த ஊரில் இருந்த சின்ன நிறுவனம் ஒன்றின் குப்பையை ஓர் அரசு அதிகாரி வாராவாரம் அள்ளிக்கொண்டு போனார். மொட்டைத் தலை, சுமார் ஆறரை அடி உயரம், கல்லூரி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். பெயர் ஜெஃப் நோவிட்ஸ்கி. குப்பையைப் பிரித்துப் பார்த்தால் ஊசி உறைகள், மருந்துப் பெட்டிகளின் மேலட்டைகள், கடிதத் துண்டுகள், விளையாட்டு வீரர்களின் பெயர்கள். சாதாரண வைட்டமின் வியாபாரியின் குப்பையில் வளர்ச்சி ஹார்மோன் அட்டைக்கு என்ன வேலை?

இவர் போலீஸ்காரர் என்று நினைத்தால் தவறு. விளையாட்டுத் துறைக்காரரும் இல்லை. அமெரிக்காவின் வருமான வரித்துறை அதிகாரி.

இதற்கு ஒரு பழைய மரபு உண்டு. அந்த வரித்துறைக்குள் குற்றப் புலனாய்வுப் பிரிவு ஒன்று 1919-லிருந்து இயங்குகிறது. சிகாகோவின் கள்ளச்சாராய ராஜா அல் கபோனைக் கொலைக்காகவோ சாராயத்துக்காகவோ உள்ளே தள்ள முடியாமல் எல்லாரும் தவித்தபோது, வரி ஏய்ப்புக்காக 1931-ல் உள்ளே தள்ளியது இந்தப் பிரிவின் கணக்குப்பிள்ளைகள்தாம். பொய்க்குப் பழகிய வாய் எதையும் மறுக்கும். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்பதற்கு வங்கியில் தாள் இருக்கும். பர்லிங்கேம் நிறுவனத்தின் மீதும் அப்படித்தான் கண் விழுந்தது. சட்டவிரோத மருந்து விற்ற பணத்தை வெள்ளையாக்கினால் அது வரித்துறையின் வழக்கு.

சரி, அடுத்தவர் குப்பையைக் கிளற நீதிமன்ற அனுமதி வேண்டாமா? வேண்டாம். 1988-ல் கலிஃபோர்னியாவின் கிரீன்வுட் என்பவர் தொடர்பான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அள்ளிப்போகட்டும் என்று தெருவோரத்தில் வைத்த குப்பையில் அந்தரங்கம் எதுவும் மிச்சமில்லை. நாயும் கிளறலாம், குழந்தையும் கிளறலாம், போலீசும் கிளறலாம். வீட்டு வாசற்படிக்கு உள்ளே இருக்கும்வரை அதே பை புனிதம். பத்தடி நகர்ந்து நடைபாதைக்கு வந்தால் அது சாட்சி.

நிறுவனத்தின் பெயர் பால்கோ. நீட்டிச் சொன்னால் 'வளைகுடாப் பகுதி ஆய்வகக் கூட்டுறவு'. பெயரில் இருந்த கனம் கட்டடத்தில் இல்லை. நடத்தியவர் விக்டர் கான்டே, ஒரு காலத்தில் டவர் ஆஃப் பவர் என்ற புகழ்பெற்ற இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர். துத்தநாகமும் மக்னீசியமும் கலந்த சத்து மாத்திரை விற்றுப் பேர் வாங்கினார். உலகத்தின் வேகமான கால்களும் பேஸ்பாலின் மிகப்பெரிய புஜங்களும் அவருடைய வாடிக்கையாளர்கள். அவர்களில் பலர் சிறுநீர் பரிசோதனைக்கு அடிக்கடி போய், சுத்தமானவர்கள் என்று சான்றிதழோடு திரும்பியவர்கள்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. பரிசோதனைக் கருவி மட்டமானதா? துளியும் இல்லை.

ஊக்கமருந்து ஆய்வகம் தேடும் அளவைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. கால் தேக்கரண்டி சர்க்கரை ஏறக்குறைய ஒரு கிராம். சென்னையில் ஓடும் பெரிய தண்ணீர் லாரி பன்னிரண்டாயிரம் லிட்டர் பிடிக்கும். எண்பத்து மூன்று லாரித் தண்ணீரில் அந்தக் கால் தேக்கரண்டியைக் கரைத்துக் கலக்கிவிட்டு, ஏதாவது ஒரு லாரியிலிருந்து சின்னக் கிண்ணத்தில் மொண்டு நீட்டினால், 'சர்க்கரை இருக்கிறது' என்று சொல்லும் நாக்கு வேண்டும். அந்த நாக்கு ஆய்வகத்தில் இருக்கிறது.

அது எப்படி ருசி பார்க்கிறது? முதலில் சிறுநீரில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருள்களைத் தனித்தனியே பிரிக்க வேண்டும். சாற்றை எடுத்துச் சூடாக்கி ஆவியாக்கி, தலைமுடி போன்ற துவாரம் கொண்ட ஒரு நீண்ட குழாய்க்குள் ஊதுகிறார்கள். பத்து இருபது மீட்டர் நீளக் குழாயைச் சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் வெவ்வேறு. கோயில் பிராகாரம் சுற்றும் கூட்டத்தில், ஒவ்வொரு சந்நிதியிலும் நின்று கும்பிடுகிறவர் கடைசியில் வருவார், வேடிக்கை பார்க்க வந்தவர் முதலில் வெளியே வருவார் அல்லவா, அப்படி. இதற்கு வளிம நிறப்பகுப்பு என்று பெயர்.

வாசலில் இன்னொரு கருவி காத்திருக்கிறது: நிறை நிறமாலைமானி. எளிமையாகச் சொன்னால் மூலக்கூறுக்கான தராசு. வரும் மூலக்கூறுக்கு மின்னூட்டம் கொடுத்து, சுக்குநூறாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் எடை போடுகிறது. மண்பானையைத் தரையில் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக உடையும். மூலக்கூறுகள் அப்படி இல்லை. ஒரே விதமாகத் தாக்கினால் ஒரே ஜாதி மூலக்கூறுகள் கோடிக்கணக்கில் ஒரே மாதிரி உடைகின்றன. எந்தத் துண்டு எவ்வளவு என்ற பட்டியல், கைரேகை போல, அந்த மூலக்கூறுக்கு மட்டுமே சொந்தம்.

கைரேகை என்றதும் அதன் பலவீனமும் தெரிந்துவிடும். போலீஸ் ஆவணத்தில் இல்லாத ரேகையை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? வாசலில் மணிக்கு ஆயிரம் பேர் போகிறார்கள். இன்னின்ன முகங்கள் வந்தால் நிறுத்து என்று காவலாளியிடம் படங்களைக் கொடுத்திருக்கிறோம். புதிய முகம் ஒன்று கையை வீசிக்கொண்டு நடந்து போனால் அவர் நிறுத்த மாட்டார். நல்ல கண்பார்வை உள்ளவர்தான், ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை அது இல்லை.

அந்தப் புதிய முகத்தைச் செய்தவர் இலினாய் மாநிலத்தின் வேதியியலாளர் பேட்ரிக் ஆர்னால்ட். செய்த விதம் அபாரம். ஜெஸ்ட்ரினோன் என்று ஒரு மருந்து உண்டு. கருப்பையின் உள்படலம் இடம் மாறி வளரும் நோய்க்குப் பெண்களுக்குக் கொடுப்பது. அந்த மூலக்கூறின் ஒரு மூலையில் இரண்டு கார்பன் அணுக்கள் மூன்று பிணைப்புகளால் கைகோத்து நிற்கும். அங்கே நான்கு ஹைட்ரஜன் அணுக்களை ஏற்றிவிட்டால் பிடி தளர்ந்து ஒற்றைப் பிணைப்பாகும். அவ்வளவுதான் மாற்றம். 308 என்றிருந்த மூலக்கூறு எடை 312 ஆகும். பெண்களுக்கான மருந்து, தசையை ஊத வைக்கும் வீரியமான ஸ்டீராய்டாகிவிடும்.

ஹைட்ரஜனை ஏற்றுவது ஏதோ மந்திர வித்தை இல்லை. நம் அம்மாக்கள் காலத்து டால்டா டப்பாவில் இருந்தது அதே வினை: திரவ எண்ணெயில் உலோக வினையூக்கியின் துணையோடு ஹைட்ரஜனைப் புகுத்தினால் அது உறைந்து வனஸ்பதியாகும். லட்டு பிடிக்க உதவிய வேதியியல் ஒலிம்பிக் தடகளத்துக்கு வந்தது இப்படித்தான்.

நான்கைக் குறிக்கும் 'டெட்ரா'வைச் சேர்த்து, இந்தப் பொருளுக்கு டெட்ராஹைட்ரோஜெஸ்ட்ரினோன் என்று பின்னால் பெயர் வந்தது. சுருக்கமாக டி.எச்.ஜி. பால்கோ வட்டாரத்தில் அதன் செல்லப்பெயர் 'க்ளியர்'. நாக்குக்கு அடியில் சில சொட்டு விட்டால் போதும். எந்த மருந்துக் கம்பெனியும் இதைத் தயாரித்ததில்லை, எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை, ஆகவே எந்த ஆய்வகத்திடமும் இதன் கைரேகை இல்லை. போதாக்குறைக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் அதற்கு இருந்தது. ஸ்டீராய்டுகள் எளிதில் ஆவியாகாதவை. குழாய்க்குள் பறக்க வேண்டும் என்பதற்காக ஆய்வகத்தில் அவற்றுக்குச் சிலிக்கான் கலந்த ஒரு மேற்சட்டை போட்டுவிடுவார்கள். சட்டை போடும்போதே டி.எச்.ஜி. நொறுங்கிப் போனது. வாசலுக்கு வந்து சேர்ந்தது அடையாளம் தெரியாத சில்லுகள். காவலாளிக்குப் படம் கொடுத்திருந்தாலுமே தடுமாறியிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால் சட்டமும் பட்டியல் பார்த்துத்தான் வேலை செய்கிறது. அமெரிக்காவில் எந்தெந்த ஸ்டீராய்டு கட்டுப்படுத்தப்பட்ட பொருள் என்பதற்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. உலகத்துக்கே தெரியாத பொருளின் பெயர் அதில் எப்படி இருக்கும்? 2004-ல் சட்டத்தைத் திருத்தித்தான் டி.எச்.ஜி.யைச் சேர்த்தார்கள்.

2003 ஜூன் மாதம். கொலராடோவில் இருக்கும் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு, பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து தொலைபேசி. யாராலும் கண்டுபிடிக்க முடியாத ஸ்டீராய்டு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது என்றார். பின்னாலேயே தபாலில் பயன்படுத்திய ஊசிக்குழல் ஒன்று வந்தது. அனுப்பியவர் ட்ரெவர் கிரஹாம் என்ற ஓட்டப் பயிற்சியாளர். கான்டேயின் பழைய கூட்டாளி, அப்போது போட்டியாளர். தர்மத்தின் பொருட்டு அனுப்பினார் என்று நான் நம்பவில்லை. அவருடைய வீரர்களும் பின்னால் வரிசையாக மாட்டினார்கள், அவரும் புலனாய்வாளர்களிடம் பொய் சொன்னதற்காக 2008-ல் தண்டனை பெற்றார். தொழில் பொறாமை உலகத்துக்குச் செய்த நன்மைகளைப் பட்டியலிட்டால் இந்த ஊசிக்கு நல்ல இடம் கிடைக்கும்.

ஊசிக்குள் இருந்தது காலியான குழலின் சுவரில் ஒட்டிய ஈரம் மட்டும். பாலை ஊற்றிய பிறகு பாத்திரத்தில் நிற்குமே, அந்தப் பூச்சு. அதை மெத்தனாலால் கழுவியெடுத்து லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தின் ஒலிம்பிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே தலைமை டான் கேட்லின். முந்தைய ஆண்டே அவர் ஒரு பழைய மர்மத்தை அவிழ்த்திருந்தார்: 1960-களில் ஒரு நிறுவனம் உருவாக்கிவிட்டு விற்பனைக்கே கொண்டுவராத நார்போலெத்தோன் என்ற ஸ்டீராய்டு, நாற்பது ஆண்டு கழித்து ஒரு சைக்கிள் வீராங்கனையின் சிறுநீரில் ஆவிபோல் எழுந்து வந்திருந்தது. நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டி யாரோ மருந்து சமைக்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு அப்போதே உண்டு.

வழக்கமான கருவியில் போட்டார்கள். ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. ஆவியாக்கும் வேலையே வேண்டாம் என்று திரவ நிலையிலேயே பிரிக்கும் கருவிக்கு மாறினார்கள். இங்கே சட்டை போட வேண்டியதில்லை. முழு உருவம் முதன்முறையாகத் தராசில் ஏறியது. எடை 312, மின்னூட்டத்துக்காக ஒட்டிக்கொண்ட ஒரு ஹைட்ரஜனோடு 313. அதை உடைத்தால் 241 எடையில் ஒரு துண்டு, 159 எடையில் ஒரு துண்டு. டி.எச்.ஜி.யை அகப்படுத்திய கைரேகை இந்த மூன்று எண்கள்தாம்: 313, 241, 159.

ஊகம் சரியா என்று எப்படி உறுதி செய்வது? திருடன் செய்ததையே போலீசும் செய்து பார்த்தது. கேட்லின் குழு ஜெஸ்ட்ரினோனை வாங்கி, ஹைட்ரஜன் ஏற்றி, டி.எச்.ஜி.யைத் தாங்களே சமைத்தார்கள். ஊசிக் கழுவலும் சமைத்ததும் அச்சுக்கு அச்சு ஒத்துப்போயின. அதோடு முடியவில்லை. ஊசியில் இருப்பது வேறு, உடலுக்குள் போய் சிறுநீரில் வருவது வேறு. ஈரல் ஒரு பொருளை உருத்தெரியாமல் மாற்றிவிடக்கூடும். யாருக்கும் கொடுத்துப் பார்க்க முடியாத மருந்து இது. ஆகவே ஒரு பபூன் குரங்குக்குக் கொடுத்து, அதன் சிறுநீரைப் பிடித்துப் பார்த்தார்கள். டி.எச்.ஜி. வந்தது. இந்த வழக்கின் முக்கியமான சாட்சிகளில் ஒன்று குரங்கு. எந்தக் குறுக்கு விசாரணைக்கும் அது பதில் சொன்னதில்லை.

காவலாளி கையில் புதிய படம் வந்துவிட்டது. உறைய வைத்திருந்த பழைய சிறுநீர்க் குப்பிகளை, அந்த ஜூன் மாதத்து அமெரிக்கத் தடகளப் போட்டியில் எடுத்தவற்றையும் சேர்த்து, நூற்றுக்கணக்கில் மறுபடி ஓட்டினார்கள். ஏற்கெனவே 'சுத்தம்' என்று கையெழுத்துப் போட்ட குப்பிகளில் சில இப்போது வாய் திறந்தன. ஐரோப்பாவின் அதிவேக மனிதராக அப்போது இருந்த பிரிட்டன் வீரர் ட்வெய்ன் சேம்பர்ஸ், ஓட்டக்காரி ரெஜினா ஜேகப்ஸ், குண்டு எறியும் கெவின் டோத் என்று பெயர்கள் விழுந்தன. அக்டோபர் 16 அன்று செய்தி உலகத்துக்கு வெளியானது.

இடையில், செப்டம்பர் 3 அன்று நோவிட்ஸ்கி குப்பைத் தொட்டியை விட்டுவிட்டு முன்வாசல் வழியாக பால்கோவுக்குள் நுழைந்திருந்தார், இம்முறை நீதிமன்ற ஆணையோடு. அள்ளிய சரக்கில் 'க்ளியர்' இருந்தது, அதன் ஜோடியான 'க்ரீம்' இருந்தது, வீரர் வாரியாக நாட்காட்டிகள் இருந்தன.

க்ரீமைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. க்ளியர் ஒளிந்து தப்பியது. க்ரீம் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நின்று தப்பியது. அதில் இருந்தது டெஸ்டோஸ்டிரோன், எல்லார் உடம்பிலும் இயற்கையாகவே ஊறும் ஆண்மைச் சுரப்பு. இருக்கிறது என்று காட்டுவதால் பயனில்லை, கூடுதலாக இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதற்கு ஆய்வகங்கள் ஓர் இரட்டையைப் பிடித்தன. டெஸ்டோஸ்டிரோனை உருவத்தில் ஏறக்குறைய ஒத்த எபிடெஸ்டோஸ்டிரோன் என்ற பொருளும் உடலில் ஊறும். அதனால் தசைக்கு நயா பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் பெரும்பாலோரிடம் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினால் அந்தத் தட்டு மட்டும் தாழும். விகிதம் ஆறுக்கு ஒன்றைத் தாண்டினால் மாட்டினாய் என்பது அப்போதைய விதி, பிறகு நான்காகக் குறைத்தார்கள்.

தராசு முள்ளை நிமிர்த்த என்ன செய்யலாம்? மளிகைக் கடையில் எல்லாரும் கண்ட வித்தைதான், மறுதட்டிலும் எடை வை. க்ரீமில் டெஸ்டோஸ்டிரோனோடு எபிடெஸ்டோஸ்டிரோனையும் கலந்திருந்தார்கள். இரண்டு தட்டும் சேர்ந்து தாழ்ந்தன, முள் நடுவில் நின்றது.

இந்தத் திருட்டைப் பிடிக்கப் பிறந்த பரிசோதனைதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது, ஏனென்றால் அது வயலில் ஆரம்பிக்கிறது. கார்பன் அணுக்களில் நூற்றில் ஒன்று கொஞ்சம் கனமானது. ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை கூடிய உடன்பிறப்பு. செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது இந்தக் கனத்த அணுவை அவ்வளவாக விரும்புவதில்லை. நெல், கோதுமை, சோயா போன்றவை அதை அதிகமாக ஒதுக்கும். கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு போன்றவை, வெயிலுக்குப் பழகிய வேறு வகை ஒளிச்சேர்க்கை கொண்டவை, அவ்வளவாக ஒதுக்காது. மனிதன் இரண்டையும் கலந்து தின்கிறான். அவன் உடலில் ஊறும் டெஸ்டோஸ்டிரோனின் கார்பனில் அந்தக் கலவையின் கணக்கு அப்படியே பதிவாகும். மருந்து ஆலையின் டெஸ்டோஸ்டிரோனோ பெரும்பாலும் சோயா போன்ற ஒரே செடிச் சரக்கிலிருந்து வருகிறது. அதில் கனத்த கார்பன் ஒரு நூலிழை குறைவு. ஆயிரத்துக்கு மூன்று குறைந்தாலே கருவி எச்சரிக்கும். ஆயிரம் அரிசியை எண்ணி, மூன்று குறைகிறதே என்று கேட்கும் மாமியார் கண் அது. கம்பங்கூழ் குடிப்பவருக்கும் சோறு தின்பவருக்கும் அநியாயம் நடக்காமல் இருக்க, அதே ஆளின் உடம்பில் ஊறும் வேறொரு சுரப்போடுதான் ஒப்பிடுகிறார்கள். 2006-ல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் போட்டியை வென்ற ஃப்ளாய்ட் லாண்டிஸின் பட்டம் பறிபோனதற்கு இந்தக் கார்பன் கணக்கும் ஒரு காரணம்.

நாட்காட்டிகளுக்கு வருவோம். எந்தத் தேதியில் எந்த மருந்து என்று ஒற்றை எழுத்துச் சங்கேதத்தில் குறித்து வைத்திருந்தார்கள். பால்காரர் கணக்குபோல. இந்தத் தாள்களால் ஒரு புதிய வகைத் தண்டனை நடைமுறைக்கு வந்தது: சிறுநீரில் எதுவுமே அகப்படாமல், ஆவணத்தையும் சாட்சியத்தையும் வைத்தே தடை விதிப்பது. 2003-ல் பாரிஸ் உலகப் போட்டியில் 100 மீட்டரும் 200 மீட்டரும் வென்ற கெல்லி ஒயிட், ஆதாரங்களைக் கண்டதும் ஒப்புக்கொண்டார். அவருடைய சாட்சியத்தை வைத்து 2005 டிசம்பரில் டிம் மான்ட்கோமரிக்கு இரண்டாண்டுத் தடை. 2002-ல் 9.78 வினாடியில் 100 மீட்டர் ஓடிய அவருடைய உலக சாதனையையும் அழித்தார்கள். அந்த மனிதர் ஒரு சிறுநீர் பரிசோதனையிலும் தோற்றதில்லை.

நோவிட்ஸ்கியின் கையில் இன்னும் ஓர் ஆயுதம் இருந்தது, ஆய்வகத்துக்கு இல்லாதது. அமெரிக்காவில் மத்திய அரசு அதிகாரியிடம் விசாரணையில் தெரிந்தே பொய் சொல்வது தனிக் குற்றம், ஐந்தாண்டு வரை சிறை. சத்தியப் பிரமாணம்கூட வேண்டாம், மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னால் போதும். ஊக்கமருந்து போட்டுக்கொண்ட வீரரைச் சிறைக்கு அனுப்ப அரசுக்கு விருப்பமில்லை, விற்றவர்களே இலக்கு. உண்மையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வாசலைத் திறந்தே வைத்திருந்தார்கள். 2003 நவம்பரில் மேரியன் ஜோன்ஸ் அந்த மேசைக்கு வந்தார். சிட்னி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம், இரண்டு வெண்கலம் வென்றவர். நோவிட்ஸ்கி க்ளியர் குப்பியை எடுத்துக் காட்டினார். இதைப் பார்த்ததே இல்லை என்றார் ஜோன்ஸ்.

நான்காண்டு கழித்து, 2007 அக்டோபரில், நீதிமன்றத்தில் அதைப் பொய் என்று ஒப்புக்கொண்டார். பயிற்சியாளர் அதை ஆளி விதை எண்ணெய் என்று சொல்லித் தந்ததாகவும், பின்னால்தான் புரிந்ததாகவும் சொன்னார். ஐந்து பதக்கங்களும் போயின. மருந்தைப் பற்றிய பொய்க்கும் ஒரு காசோலை மோசடி பற்றிய பொய்க்கும் சேர்த்து ஆறு மாதச் சிறை. மருந்தை விற்ற கான்டேவுக்குக் கிடைத்தது நான்கு மாதச் சிறையும் நான்கு மாத வீட்டுக்காவலும், தயாரித்த ஆர்னால்டுக்கு மூன்று மாதம். விற்றவரைவிட, செய்தவரைவிட, சாப்பிட்டவர் அதிக நாள் உள்ளே இருந்தார். கணக்கு உதைக்கிறதுதான்.

அதே ஆளி விதை எண்ணெய் இன்னொரு வாயிலிருந்தும் வந்தது. ஒரே பருவத்தில் 73 ஹோம் ரன் அடித்த பேஸ்பால் மாமல்லர் பாரி பாண்ட்ஸ், கிராண்ட் ஜூரி என்ற நடுவர் குழுவின் விசாரணையில் க்ளியரை அந்த எண்ணெய் என்றும், க்ரீமை மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்ததாகச் சொன்னார். பொய்ச் சாட்சி வழக்கு 2007-ல் பதிவானது. அவருக்கு எதிராகப் பேச வேண்டிய பயிற்சியாளர் கிரெக் ஆண்டர்சன் வாயே திறக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக ஓராண்டுக்கும் மேல் சிறையில் கிடந்தும் திறக்கவில்லை. பாண்ட்ஸ் நீதிக்கு இடையூறு செய்தார் என்ற ஒரே ஒரு குற்றம் 2011-ல் நிரூபணமாகி, அதுவும் 2015-ல் மேல்முறையீட்டில் கவிழ்ந்தது.

குப்பை கிளறிய கை சில நேரம் நீண்டும்விட்டது. 2004 ஏப்ரலில், பத்து பேஸ்பால் வீரர்களின் பரிசோதனை முடிவுகளைக் கைப்பற்ற நீதிமன்ற ஆணையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். கணினிக் கோப்பில் அந்தப் பத்துப் பேரோடு நூற்றுக்கணக்கான மற்றவர்களும் இருந்தார்கள். பெயர் வெளியே வராது என்ற வாக்குறுதியின் பேரில் 2003-ல் சிறுநீர் கொடுத்தவர்கள் அவர்கள். அதிகாரிகள் கோப்பை முழுசாகவே எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு காகிதத்தைத் தேடி அலமாரியைத் திறந்தவர் அலமாரியையே தூக்கிப் போகலாமா என்ற கேள்வி பல ஆண்டு நடந்து, 2009-ல் அரசுக்கு எதிராகத் தீர்ப்பானது. அதற்குள் சில பெயர்கள் பத்திரிகைகளுக்குக் கசிந்திருந்தன. தெருவோரக் குப்பைக்குப் பொருந்திய தர்க்கம் ஹார்ட் டிஸ்க்குக்குப் பொருந்தவில்லை. நீதிபதிகள் சொன்னது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

நோவிட்ஸ்கி 2008-ல் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு மாறினார். 2010-ல் அவர் மேசைக்கு வந்தவர் யார் தெரியுமா? கார்பன் கணக்கில் பட்டத்தை இழந்த அதே ஃப்ளாய்ட் லாண்டிஸ், இப்போது லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கைப் பற்றிப் பேச. ஏழு முறை டூர் வென்ற ஆர்ம்ஸ்ட்ராங்கின் அணிக்குப் புரவலர் அமெரிக்கத் தபால் துறை, ஆகவே அரசுப் பணம். குற்ற வழக்கு 2012 பிப்ரவரியில் காரணம் சொல்லாமல் மூடப்பட்டது. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், பதினோரு முன்னாள் அணித் தோழர்களின் வாக்குமூலத்தோடு, ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆயிரம் பக்கத்துக்கு மேல் ஆதாரத்தை வெளியிட்டது. ஏழு பட்டங்களும் போயின. பண விவகாரத்தைத் தீர்த்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1863-ல், ராணுவத்துக்கு மட்டமான சரக்கு விற்ற ஒப்பந்தக்காரர்களைப் பிடிக்கப் போட்ட ஒரு சட்டம். அதன்படி 2018-ல் ஆர்ம்ஸ்ட்ராங் ஐம்பது லட்சம் டாலர் கொடுத்து சமரசமானார். துப்புக் கொடுத்தவர் என்ற முறையில் லாண்டிஸுக்கு அதில் பதினொரு லட்சம் பங்கு.

2020 டிசம்பரில் அமெரிக்கா தனியாக ஒரு சட்டமே போட்டது. சர்வதேசப் போட்டிகளில் ஊக்கமருந்துச் சதி செய்பவர் எந்த நாட்டவரானாலும் பத்தாண்டு வரை சிறை. அதன் கீழ் முதலில் அகப்பட்டவர் டோக்கியோ ஒலிம்பிக்குக்காக வீரர்களுக்கு மருந்து கொடுத்த டெக்சாஸ் சிகிச்சையாளர் ஒருவர். அவருக்கு எதிரான ஆதாரம் கைப்பேசியில் இருந்த செய்திகள். யாரும் குப்பைப் பையைத் தூக்க வேண்டி வரவில்லை. சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால் இன்னொன்று தெரியும். அமெரிக்காவின் உள்நாட்டுத் தொழில்முறை லீகுகள் அதன் வரம்புக்கு வெளியே. பாண்ட்ஸ் ஆடிய பேஸ்பால் லீகும் அதில் அடக்கம்.